கழற்றி எறிந்த காவல் சுவிட்ச்



இந்தக் கட்டுரையைப் படிப்பதற்கு முன் ஒரு சிறு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டு வாசலிலோ பக்கத்து வீட்டு வாசலிலோ பழைய பெட்ரோல் பிக்கப் ஏதாவது நிற்கிறதா? அதன் சாவியை ஒரு கட்டம் மட்டும் திருப்புங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். முன்பக்கத்துச் சிறு விளக்குகள் எரியும். ரேடியோவை அடைத்துவிட்டு, பின்பக்கம் பெட்ரோல் தாங்கி இருக்கும் இடத்தில் ஒருவரை நிறுத்திக் காது கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

ஒரு சத்தமும் இல்லையென்றால் பெரும்பாலும் பயமில்லை. இரண்டு விநாடி 'ங்ங்' என்று இரைந்து அடங்கிவிட்டாலும் நல்லதே. ஆனால் எஞ்சின் ஓடாமல் நிற்கும்போதும் 'டிக் டிக் டிக்' என்று கடிகாரம்போல் ஒரு சத்தம் ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறதா? அப்படியானால் சாவியை அணைத்துவிட்டு, இந்தப் பக்கங்களைக் கடைசிவரை படியுங்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

அந்த 'டிக் டிக்' சத்தத்தை நான் முதன்முதலில் கவனித்தது ஒரு கானுக்குள்.

2023 நவம்பர், மழைக்காலம். என் அண்ணன் ஒரு பழைய பிக்கப் வைத்திருக்கிறார். விடியற்காலையில் பாசாரிலிருந்து காய்கறி ஏற்றி, தோட்டத்து லயங்களுக்குக் கொண்டுபோய் விற்பார். அன்று மாலை பள்ளிக்கூட வேலை முடிய நேரமாகிவிட்டதால் என்னையும் தம் மகனையும் ஏற்றிக்கொண்டு திரும்பினார். முன்னிருக்கையில் மூவரும் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். பின்னால் காலிக் கூடைகள், விற்காமல் மீந்த இரண்டு மூட்டை முட்டைக்கோசு, அவ்வளவுதான்.

செம்பனைக்கு நடுவே போகும் செம்மண் சாலை மழையில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குலை ஏற்றி வந்த டிராக்டருக்கு வழிவிட அண்ணன் ஓரம் ஒதுங்கினார். ஓரத்து மண் இளகிக் கிடந்தது. வண்டி மெதுவாக, மிக மெதுவாகச் சரிந்து, மூக்கைக் கானுக்குள் வைத்துக்கொண்டு நின்றது. எஞ்சின் ஒருமுறை உதறிவிட்டு அணைந்தது. எங்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பையன் சிரித்துக்கொண்டிருந்தான்.

அண்ணன் இறங்கி டயருக்கு அடியில் போட மட்டை பொறுக்கப் போனார். இருட்டிக்கொண்டு வந்ததால் விளக்கு எரியட்டும் என்று சாவியை அப்படியே விட்டுவிட்டார். டிராக்டர்காரத் தம்பியும் உதவிக்கு வந்தார். நல்ல பிள்ளை. வாயில் சிகரெட்.

"அத்தை, எஞ்சின்தான் செத்துப்போச்சே, இன்னும் ஏன் டிக் டிக்குன்னு சத்தம் கேக்குது?" என்றான் பையன்.

நான் காது கொடுத்தேன். பின்னால் ஏதோ வேகவேகமாக அடித்துக்கொண்டிருந்தது. அதே நேரம் மூக்கில் பெட்ரோல் நெடி ஏறியது. முன்னால் எட்டிப் பார்த்தால், பொனட்டுக்கு அடியிலிருந்து கானுக்குள் நூல் பிடித்தாற்போல் ஒழுகுகிறது. தண்ணீர்மேல் வானவில் நிறத்தில் படலம் விரிகிறது.

சாவியைத் திருகிப் பிடுங்கினேன். சத்தம் நின்றது. "தம்பி, சிகரெட்டோட கிட்ட வராதே! அப்படியே பின்னால போ!" என்று நான் போட்ட சத்தம், பெரட்டுக் களத்தில் தண்டல் போடுகிற சத்தத்தைவிடப் பெரிதாக இருந்ததாக அண்ணன் இன்றும் கேலி செய்கிறார். பையனைத் தூக்கிக்கொண்டு மேட்டுப்பக்கம் ஏறினோம்.

ஒன்றும் நடக்கவில்லை. நடக்காததால்தான் இப்படி உட்கார்ந்து எழுத முடிகிறது. பெட்ரோலின் குணத்தைப் பிறகு படித்துப் பார்த்தபோது எனக்கு அன்றிரவு வராத நடுக்கம் வந்தது. டீசல் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விட வேண்டுமானால் 50 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும். பெட்ரோலுக்கோ சுழியத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலும் அந்த ஆவி கிளம்பிவிடும். நம் நாட்டு வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே பறந்து கலைந்து போகாது. தண்ணீர்போல் பள்ளம் தேடி இறங்கித் தங்கும். கானைவிட நல்ல பள்ளம் எங்கே கிடைக்கும்? நூறு பங்கு காற்றில் ஒன்றரைப் பங்கு ஆவி கலந்தாலே ஒரு பொறி போதும்.

பெட்ரோல் ஒழுகியதற்குக் காரணம் எளிது. வண்டி சரிந்தபோது பாட்டரித் தாங்கியின் விளிம்பு, கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயை அறுத்துவிட்டது. குழாய் அறுவது எந்த வண்டிக்கும் நேரும். என் கேள்வி வேறு. எஞ்சின் செத்த பிறகும் பம்பு ஏன் வேலை செய்தது?

அந்தக் காலத்து வண்டிகளில் இந்தக் கேள்வியே எழாது. பெட்ரோல் பம்பு எஞ்சினின் விலாவிலேயே பொருத்தியிருக்கும். எஞ்சினுக்குள் சுழலும் கேம் தண்டு ஒரு நெம்புகோலைத் தட்ட, அது ஒரு தோல்தகட்டை மேலும் கீழும் இழுக்க, பெட்ரோல் வரும். எஞ்சின் நின்றால் தட்ட ஆளில்லை, பம்பும் நின்றுவிடும். காவல் என்று தனியாக ஒன்று வேண்டியதில்லை.

மின்சாரப் பம்பு அப்படியல்ல. அதற்கு எஞ்சின் யாரென்றே தெரியாது. மின்சாரம் வந்தால் அடிக்கும், வராவிட்டால் நிற்கும். வண்டி கவிழ்ந்து கிடந்தாலும், குழாய் அறுந்து தரையில் கொட்டினாலும், சாவி போட்டிருக்கும்வரை விசுவாசமாக அடித்துக்கொண்டே இருக்கும். குழாய் அறுந்தால் எதிர்ப்பு இல்லாததால் முன்னைவிட வேகமாகவே அடிக்கும். நாங்கள் கேட்ட வேகமான 'டிக் டிக்' அதுதான். அதனால்தான் மின்சாரப் பம்பு வைக்கிறவர்கள் கூடவே ஒரு காவல் சுவிட்சும் வைக்க வேண்டும் என்பது. பெட்ரோலைப் பீய்ச்சித் தரும் இன்ஜெக்ஷன் வண்டிகளில் இது இன்னும் முக்கியம். கார்புரேட்டர் வண்டியின் பம்பு சதுர அங்குலத்துக்கு ஐந்தாறு ராத்தலுக்குள்தான் அழுத்தம் கொடுக்கும். இன்ஜெக்ஷன் வண்டியிலோ 35, 40 ராத்தல் சாதாரணம். குழாய் வெடித்தால் ஒழுகாது, பீறிடும். 1980களில் ஃபோர்டு நிறுவனம் தன் பிக்கப்களில் இன்ஜெக்ஷன் கொண்டுவந்தபோது, பயணி கால் வைக்கும் பக்கத்துத் தடுப்புச் சுவரில் மோதல் சுவிட்ச் ஒன்றைச் சேர்த்தே பொருத்தியது.

அண்ணன் வண்டிக்குப் பிறவியில் அமைந்தது பழைய நெம்புகோல் பம்புதான். அது கெட்டுப்போனதால் முன்பு வைத்திருந்தவர் மின்சாரப் பம்பு மாட்டியிருக்கிறார். மாட்டிய மெக்கானிக் விவரமானவர்போலும். டேஷ்போர்டுக்குக் கீழே மோதல் சுவிட்சும் வைத்திருந்திருக்கிறார். நாங்கள் குனிந்து பார்த்தபோது அங்கே ஒரு தகடும் இரண்டு திருகுத் துளைகளும்தான் இருந்தன. பக்கத்தில் இரண்டு வயர்கள் முறுக்கிக் கறுப்பு டேப்பு சுற்றிக் கிடந்தன.

"ஆமா, நாலு வருசத்துக்கு முன்ன அது தொல்லை கொடுத்துச்சு" என்றார் அண்ணன், ஏதோ பழைய உறவுக்காரரைப் பற்றிப் பேசுவதுபோல. "பள்ளத்துல விழுந்தா வண்டி நின்னுடும். ஒரு பட்டறையில காட்டினேன். இது வேணாம் அண்ணே, சும்மா வெள்ளைக்காரன் வெச்சதுன்னு கழட்டிட்டான். அப்புறம் ஒரு தொல்லையும் இல்ல."

எந்தப் பட்டறை என்று எழுதப்போவதில்லை. இந்தத் தப்பை ஒரு பட்டறைதான் செய்கிறது என்று எண்ணிவிடக் கூடாது.

எங்கள் தோட்டத்துப் பட்டறையில் முப்பது ஆண்டுக்கு மேல் டிராக்டரும் லோரியும் பழுது பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். எல்லாருக்கும் அவர் மாமாதான். மறு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் போனோம். அவர் வயரைப் பார்க்கவில்லை. அந்த வெறும் தகட்டைத்தான் விரலால் ஆட்டிப் பார்த்தார். அது கடகடவென்று ஆடியது.

"பாரு டீச்சர், சுவிட்சு மேல குத்தம் இல்ல. தகடுல ஒரு திருகு இல்ல, இன்னொண்ணு இளகிக் கெடக்கு. வண்டி ஒரு ஆட்டம் ஆடினா இது நாலு ஆட்டம் ஆடும். சுவிட்சு பாவம், மோதிட்டோம்னு நெனச்சி அணைஞ்சிருக்கு. ரெண்டு திருகு முடுக்க வேண்டிய வேலைக்குச் சுவிட்சையே கழட்டிப் போட்டுட்டானுங்க."

நான்கு ஆண்டுகள் அந்த வண்டியில் என் அண்ணன் குடும்பம் போய்வந்ததற்கு விலை, இரண்டு திருகு.

உள்ளே ஒரு கோலிக்குண்டு

மோதல் சுவிட்ச் எப்படி வேலை செய்கிறது என்பதை மாமா வைத்திருந்த கெட்டுப்போன ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். ஐந்தாம் வகுப்புக்குக் காந்தப் பாடம் நடத்துகிற எனக்கே அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது. மின்னணு ஒன்றும் இல்லை. கூம்பு வடிவக் கிண்ணம் ஒன்று. அதன் அடியில் காந்தம். காந்தத்தின் மேல் கோலிக்குண்டுபோல் ஓர் எஃகுக் குண்டு. சாதாரணக் குலுக்கலுக்குக் காந்தம் குண்டை விடாது. பலமாக மோதினால் குண்டு காந்தப் பிடியை அறுத்துக்கொண்டு கூம்பின் சரிவில் ஏறி மேலே இருக்கும் தகட்டைத் தட்டும். தட்டியதும் மின்தொடர்பு விலகும். பம்புக்கு மின்சாரம் போகாது. மேலே உள்ள பொத்தானை அமுக்கினால் தொடர்பு மீண்டும் சேரும்.

இதனால்தான் அதை நிமிர்த்திப் பொருத்த வேண்டும், பொத்தான் வானத்தைப் பார்க்க. சாய்த்து வைத்தால் குண்டு ஒரு பக்கம் எளிதாகவும் மறு பக்கம் கடினமாகவும் ஏறும். வண்டியின் உடம்புத் தகட்டில், கையால் ஆட்டினால் ஆடாத இடத்தில் முடுக்க வேண்டும். எஞ்சின்மேல் வைக்கக் கூடாது, மெல்லிய பிளாஸ்டிக்கிலும் கூடாது.

புதிதாகவும் வாங்கலாம். 1990களின் ரோவர், லேண்ட் ரோவர் பெட்ரோல் வண்டிகள் உடைபடும் பொத்தோங் கடைகளிலும் கிடைக்கலாம். பழையதை வாங்கினால் கடையிலேயே சோதித்து வாங்குங்கள். நிமிர்த்திப் பிடித்து, இரண்டு முனைகளிலும் மீட்டரை வைத்தால் தடை சுழியம் காட்ட வேண்டும். உள்ளங்கையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினால் 'டக்' என்று தொடர்பு அற வேண்டும். பொத்தானை அமுக்கினால் திரும்ப வர வேண்டும். எங்களுக்கு மூன்றாவது சுவிட்ச்தான் தேறியது.

இதை மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நானும் அண்ணனும் நினைத்தோம். மாமா தலையை ஆட்டினார்.

"டீச்சர், அன்னைக்கு வண்டி கானுல எப்படி விழுந்துச்சு?"

"மெதுவாத்தான் சரிஞ்சிச்சு, மாமா."

"அப்போ இந்தச் சுவிட்சு இருந்திருந்தாலும் அணைஞ்சிருக்காதே."

எனக்கு வாயடைத்துப் போயிற்று. உண்மைதானே! மோதல் சுவிட்ச் மோதலுக்குத்தான் விழிக்கும். பையன் சிரிக்கும் அளவுக்கு மெதுவாகச் சரிந்த வண்டியில் அந்தக் குண்டு அசைந்தே இருக்காது. அன்று எங்களுக்குத் தேவைப்பட்டது வேறொரு காவல்: எஞ்சின் நின்றால் பம்பும் நிற்க வேண்டும் என்கிற, பழைய நெம்புகோல் பம்பின் குணம். அதை மின்சாரப் பம்புக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

எஞ்சின் ஓடுகிறது என்பதற்கு ஒரு நல்ல சாட்சி எஞ்சின் எண்ணெயின் அழுத்தம். ஓடினால் அழுத்தம் உண்டு. நின்றால் சில விநாடிகளில் வடிந்துவிடும். இதைக் கொண்டு இயங்கும் மூன்று கால் எண்ணெய் அழுத்த சுவிட்ச் கடைகளில் கிடைக்கிறது. டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிய வைக்கும் ஒற்றைக் கால் சுவிட்ச் வேறு, இது வேறு.

ஏன் மூன்று கால்? எஞ்சின் ஓடினால்தான் எண்ணெய் அழுத்தம், அழுத்தம் வந்தால்தான் பெட்ரோல், பெட்ரோல் வந்தால்தான் எஞ்சின் ஓடும் என்றால் வண்டி ஒருநாளும் கிளம்பாது அல்லவா? அதனால் அழுத்தம் இல்லாதபோது பம்புக்கான கால், ஸ்டார்ட்டர் வயரோடு சேர்ந்திருக்கும். சாவியை முழுதும் திருகி ஸ்டார்ட்டர் சுற்றும் நேரத்தில் மட்டும் அந்த வழியாக மின்சாரம் வரும். எஞ்சின் பிடித்து அழுத்தம் ஏறியதும் சுவிட்ச் உள்ளுக்குள் தாவி, பம்புக்கான காலைச் சாவி வயரோடு சேர்க்கும். வண்டி வழியில் நின்றுபோனால் அழுத்தம் இறங்கும், சுவிட்ச் மறுபடி ஸ்டார்ட்டர் பக்கம் தாவும், அங்கே மின்சாரம் இல்லை, பம்பு அடங்கும். சாவி போட்டபடியே இருந்தாலும் அடங்கும்.

இந்த இடத்தில் சில பேர் ஒரு குறுக்கு வழி செய்கிறார்கள். மூன்று கால் சுவிட்ச் கிடைக்கவில்லை என்று இரண்டு கால் சுவிட்சை வைத்து, ஸ்டார்ட்டர் வயரைப் பம்பு வயரோடு நேராக முறுக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். எஞ்சின் பிடித்தவுடன் சாவி வயரின் மின்சாரம் அந்த முறுக்கு வழியாகப் பின்னோக்கி ஓடி ஸ்டார்ட்டரை விடாமல் பிடித்துக்கொள்ளும். ஓடும் எஞ்சினோடு ஸ்டார்ட்டரும் சுற்றினால் பல்சக்கரம் கொறகொறவென்று அரைந்துபோகும், வயரும் வெந்துவிடும். மூன்று கால் சுவிட்ச் இரண்டு வழிகளையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்காது. அதன் பெருமையே அதுதான்.

வேலை நடந்த விதம்

முதலில் பாட்டரியின் கழித்தல் முனையைக் கழற்றினோம். பெட்ரோல் குழாய்கள் அனைத்தையும் புதிதாக மாற்றி, பாட்டரித் தாங்கியின் விளிம்பை அரம் போட்டு மழுக்கிவிட்டுத்தான் மின்சார வேலையைத் தொட்டார் மாமா. "ஓட்டைப் பானைக்கு மூடி எதுக்கு?" என்றார்.

எண்ணெய் அழுத்த சுவிட்சைப் பொருத்துவதில்தான் பாதி நாள் போயிற்று. எஞ்சினில் ஏற்கனவே சிவப்பு விளக்குக்கான ஒற்றைக் கால் சுவிட்ச் இருந்தது. அதையும் வைத்துக்கொள்ள வேண்டும். விளக்கு இல்லாமல் வண்டி ஓட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது. ஆகவே 'டி' வடிவ இணைப்பு ஒன்று போட்டு, ஒரு வாயில் பழையது, இன்னொரு வாயில் புதியது.

கடையில் வாங்கிய சுவிட்ச் இரண்டு சுற்று ஏறி, மூன்றாவது சுற்றில் இறுகியது. அண்ணன் ஸ்பானரைப் பெரிதாக எடுத்தார். மாமா கையைத் தட்டிவிட்டார். இந்த விவரம் பட்டறைப் பிள்ளைகளுக்குப் பயன்படும்: ஜப்பான் வண்டிகளின் எஞ்சினில் அந்த ஓட்டையின் புரி பெரும்பாலும் அங்குலத்துக்கு 28, அமெரிக்க அளவில் செய்த சுவிட்சின் புரி அங்குலத்துக்கு 27. இரண்டும் எட்டில் ஒரு அங்குலம் என்றே விற்கிறார்கள். கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பலவந்தமாக ஏற்றினால் எண்ணெய் கசியும், அல்லது எஞ்சின் உடம்பில் புரி கெடும். திரும்பப் போய்ச் சரியான மாற்று இணைப்பு வாங்கி வந்தோம். கூடவே இன்னொன்று: ஒற்றைக் கால் சுவிட்ச் தன் புரி வழியாகத்தான் உடம்போடு மின்தொடர்பு கொள்கிறது. கசியக் கூடாது என்று வெள்ளை டேப்பை அளவுக்கு மீறிச் சுற்றினால் சிவப்பு விளக்கு வேலை செய்யாது.

வயர் வேலையை வரிசையாகச் சொல்கிறேன். பாட்டரியின் கூட்டல் முனையிலிருந்து ஒரு வயர். பாட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். எங்கள் பம்புக்கு 10 ஆம்பியர். உங்கள் பம்பின் தாளில் எழுதியிருக்கும் அளவைப் பாருங்கள். ஃபியூஸிலிருந்து ரிலேயின் 30 என்று எண்ணிட்ட காலுக்கு. 87 எண் காலிலிருந்து மோதல் சுவிட்ச், அங்கிருந்து பம்பு. 85 எண் கால் வண்டி உடம்புக்கு. 86 எண் காலுக்கு எண்ணெய் அழுத்த சுவிட்சின் பம்புக்கான கால். அந்தச் சுவிட்சின் மற்ற இரண்டு கால்களில் ஒன்று சாவி வயருக்கு, ஒன்று ஸ்டார்ட்டரைத் தூண்டும் மெல்லிய வயருக்கு.

ரிலே எதற்கு என்று அண்ணன் கேட்டார், இன்னொரு செலவா என்ற முகத்தோடு. பம்பு இழுக்கும் மின்சாரம் முழுவதும் எண்ணெய் அழுத்த சுவிட்ச் வழியாகப் போனால் அதன் உள்முனைகள் சீக்கிரம் கருகிவிடும். ரிலே இருந்தால் சுவிட்சுக்குச் சிறு மின்சாரத்தை அனுப்பும் வேலை மட்டும்தான். ஆனால் மோதல் சுவிட்சை மட்டும் ரிலேக்குப் பிறகு, பம்பு வயரிலேயே வைத்தார் மாமா. ரிலேயின் முனைகள் என்றாவது உருகி ஒட்டிக்கொண்டாலும், மோதல் சுவிட்ச் தனியாக நின்று பம்பை அணைக்கும். ஒரு காவல்காரன் தூங்கினால் இன்னொருவன் விழித்திருப்பான். ஆகவே அந்தச் சுவிட்ச் பம்பின் மின்சாரத்தைத் தாங்கும் அளவுள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

வயர் தடுப்புச் சுவரைத் தாண்டும் துளையில் ரப்பர் வளையம். இணைப்புகளில் டேப்பு இல்லை. எல்லாம் அமுக்கிய கிளிப்புகள். வேலை முடிந்தபோது வீட்டுப் பெண்கள் இரண்டாம் முறை தேநீர் கொண்டுவந்துவிட்டார்கள்.

பிறகு சோதனை. சாவியை ஒரு கட்டம் திருப்பினோம். அமைதி. அந்த அமைதியைக் கேட்க எத்தனை இன்பமாக இருந்தது தெரியுமா? முழுதும் திருகியதும் ஸ்டார்ட்டரோடு பம்பும் 'டிக் டிக்' என்றது. கொஞ்ச நேரம் சுற்றிய பிறகு எஞ்சின் பிடித்தது. ஓடும்போது மாமா மோதல் சுவிட்சின் பக்கவாட்டில் சுத்தியல் பிடியால் ஓங்கித் தட்டினார். பம்பு உடனே நின்றது. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது!

"பழுது, பழுது!" என்று கத்தினான் பையன். பழுதில்லை. கார்புரேட்டரின் கிண்ணத்தில் ஏற்கனவே நிரம்பிய பெட்ரோல் தீரும்வரை எஞ்சின் ஓடும். அண்ணன் வண்டி முக்கால் நிமிடம் ஓடி, இருமி, அணைந்தது. நீங்கள் சோதிக்கும்போது பயந்துவிடாதீர்கள். பம்பின் சத்தத்தைத்தான் கவனிக்க வேண்டும், எஞ்சினை அல்ல.

கடைசிச் சோதனைக்குப் பொத்தானை அமுக்கி, மறுபடி எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டுக் கிளட்ச்சைத் திடீரென விட்டு எஞ்சினைச் சாகடித்தார் அண்ணன். சாவி போட்டபடியே இருந்தது. நான் பின்னால் தாங்கிப் பக்கத்தில் நின்று எண்ணினேன். மூன்று எண்ணுவதற்குள் பம்பு அடங்கிவிட்டது.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், இதில் குறையும் உண்டு. இரண்டு நாள் நிறுத்தி வைத்த வண்டி முன்போல் ஒரே சுற்றில் பிடிப்பதில்லை. கிண்ணம் வற்றியிருந்தால் நாலைந்து விநாடி அதிகம் சுற்ற வேண்டும். விடியற்காலை நாலரை மணிக்குப் பாசாருக்குக் கிளம்பும் அண்ணன் முதல் மாதம் இதற்காக என்னைத் திட்டாத நாளில்லை. எஞ்சின் எண்ணெய் குறைந்துபோனாலும் வண்டி வழியில் நின்றுவிடும். ஆனால் எண்ணெய் இல்லாமல் ஓடி எஞ்சினே வெந்துபோவதைவிட அது மேல் என்று அவரே ஒத்துக்கொண்டார்.

இன்ஜெக்ஷன் வண்டி வைத்திருப்பவர்கள் இந்த எண்ணெய் அழுத்த வேலையைச் செய்ய வேண்டாம். எஞ்சின் சுற்றுகிறதா என்று பார்த்துப் பம்பை அணைக்கும் ஏற்பாடு அவற்றின் கட்டுப்பாட்டுப் பெட்டியிலேயே இருக்கும். மோதல் சுவிட்ச் இருந்த வண்டியென்றால் அது இன்னும் இருக்கிறதா, யாராவது இரண்டு வயரையும் முறுக்கிவிட்டார்களா என்று மட்டும் பாருங்கள். வயர் வேலை கைவராதவர்கள் இந்தப் பக்கத்தை வெட்டிப் பட்டறையில் கொடுங்கள். "இதெல்லாம் வேணாம் அண்ணே" என்று சொல்கிற பட்டறையானால் அடுத்த பட்டறைக்குப் போங்கள்.

வண்டி மோதினாலோ சரிந்தாலோ முதலில் சாவியை அணைத்து எல்லாரும் இறங்கி, காற்று வரும் பக்கமாக விலகி நில்லுங்கள். மோதல் சுவிட்ச் அணைந்திருந்தால் அவசரப்பட்டுப் பொத்தானை அமுக்காதீர்கள். பெட்ரோல் நெடி இருக்கிறதா என்று முகர்ந்து, வண்டிக்கு அடியிலும் பொனட்டிலும் பார்த்து, ஒழுகல் இல்லை என்று தெரிந்த பிறகே அமுக்க வேண்டும். அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று ஓட்டுகிறவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. அடிபட்டு மயங்கிக் கிடப்பவர் அவராகவே இருக்கலாம். வீட்டில் உள்ள அனைவருக்கும் காட்டிவையுங்கள்.

எங்கள் வீட்டுப் பையன் அதைக் காட்டும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டான். வண்டியில் யார் ஏறினாலும், காய்கறி வாங்க வரும் பாட்டிகள் எட்டிப் பார்த்தாலும், டேஷ்போர்டுக்குக் கீழே கையை நீட்டி, "இதுக்குள்ள ஒரு கோலி இருக்கு பாட்டி, தொடாதீங்க" என்கிறான். அண்ணன் இப்போது விளக்கு தேவைப்பட்டாலும் சாவியை எடுத்துக்கொண்டுதான் இறங்குகிறார். டேஷ்போர்டின் பெட்டியில் டார்ச்லைட் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்.